த்ரொட்டில் பொடிக்கு எந்த டின்?

“ஸ்லோ நிற்குதில்லை அக்கா, ஏசி போட்டால் ஓஃப் ஆகுது. ஒரு காப் கிளீனர் தாங்க.”

திருகோணமலை என்.சி. வீதியில் நான் நிற்கும் உதிரிப்பாகக் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஸ்லோ என்றால் பெடலை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்; காப் கிளீனர் என்றால் காபரேட்டர் கழுவும் ஸ்ப்ரே. என்ன வாகனம் என்று கேட்பேன். காபரேட்டர் உள்ள ஓட்டோ என்றால் மறுபேச்சு இல்லை, எடுத்துக் கொடுத்துவிடுவேன். காபரேட்டர் இல்லாத விட்ஸ், வேகன் ஆர், அக்குவா போன்ற கார் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை, “கேட்டதைத் தந்தால் போதும்தானே” என்று முகம் சுளிப்பார்கள். நான் மெக்கானிக் இல்லை. கன்னியா வீதியில் கராஜ் வைத்திருக்கும் அத்தான்தான் வேலைக்காரர். எனக்கு இருப்பது ஏ.எல். வகுப்பில் படித்த இரசாயனவியலும், டின்னைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசிக்கும் பழக்கமும். இந்த விஷயத்துக்கு அது போதும்.

இந்தக் கார்களில் ஸ்லோ நிற்காவிட்டால் பலவேளை கழுவ வேண்டியது த்ரொட்டில் பொடியை, அதாவது என்ஜினுக்குப் போகும் காற்றை ஒரு தட்டால் கூட்டிக் குறைக்கும் வாயை. முதலில் அதில் படியும் அழுக்கு எது என்று பார்ப்போம். ரோட்டுப் புழுதிதான் உள்ளே போய் ஒட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கச்சான் காற்று எவ்வளவு மண்ணை அள்ளி வீசினாலும், எயார் ஃபில்டர் ஒழுங்காக இருந்தால் பெரும்பகுதி அதிலேயே நின்றுவிடும். த்ரொட்டில் பொடிக்குள் இருக்கும் கறுப்புப் பிசின் பெரும்பாலும் என்ஜினுக்குள்ளிருந்தே வருவது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு ஒயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு பிசிவி குழாய் வழியாக இன்டேக்குக்கு, அதாவது காற்று உள்ளே போகும் வழிக்கு, திரும்புகிறது. புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் ஈஜிஆர் உள்ள என்ஜின் என்றால் புகைக்கரியும் கூடச் சேரும். என்ஜினை நிறுத்தியபின் அந்தச் சூட்டில் ஆவி மேலெழுந்து தட்டின் விளிம்பில் படிந்து, காய்ந்து, அரக்குப் போல இறுகிவிடும். நாம் பெடலிலிருந்து காலை எடுத்ததும் அந்தத் தட்டு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. விளிம்பைச் சுற்றிய மயிரிழை இடுக்கில் போகும் காற்றில்தான் பல கார்களில் ஸ்லோ நிற்கிறது. இடுக்கு அடைபட்டால் என்ஜின் நடுங்கும், சந்தியில் நின்றுவிடும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் ஊரில் ஓடிய கார்கள் எல்லாம் ஐந்து வயது மூத்துவிட்டன. இந்த டின்கள் இப்போது இவ்வளவு விற்பனையாவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, எந்த டின்? முகப்பில் எழுதியிருக்கும் பெயரை விட, அந்தத் திரவம் எதை எதைத் தொடப்போகிறது என்று யோசிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. த்ரொட்டில் பொடி அலுமினியம். அதற்குள் தட்டு, தட்டைத் தாங்கும் ஷாஃப்ட், ஷாஃப்டின் இரு முனையிலும் சிறிய சீல். சீலுக்கு அந்தப் பக்கம் மோட்டரும் பிளாஸ்ரிக் பல்சக்கரங்களும் தட்டின் கோணத்தைச் சொல்லும் சென்சரும். அடியில் ரப்பர் ஓ-ரிங். அதைத் தாண்டினால் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் மனிஃபோல்ட், பல கார்களில் அது பிளாஸ்ரிக். அதற்குப் பிறகு வால்வு, சிலிண்டர், கடைசியில் சைலன்சர் பக்கம் ஒட்சிசன் சென்சரும் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிற்றிக் கொன்வேட்டரும். ஒயில் பிசினைக் கரைக்க வேண்டும், இவற்றில் எதையும் கெடுக்கக்கூடாது, மிச்சம் எதுவும் விடாமல் ஆவியாகிப் போக வேண்டும். த்ரொட்டில் பொடி கிளீனர் என்று விற்பதை இந்த மூன்றுக்காகவும்தான் கலக்கிறார்கள்.

காப் கிளீனர் அப்படி அல்ல. காபரேட்டர் முழு உலோகம்; கழற்றி, ரப்பர்களை எடுத்து வைத்துவிட்டு நன்றாக நனைத்துக் கழுவலாம். அதற்காகச் செய்ததால் பல காப் கிளீனர்களில் கரைப்பான் கடுமையாக இருக்கும். வெறும் அலுமினியத்தில் பட்டால் ஒன்றும் ஆகாது. சீலிலும் பிளாஸ்ரிக்கிலும் ஊறினால்தான் வில்லங்கம். “காப் அண்ட் த்ரொட்டில் பொடி” என்று இரண்டுக்கும் சேர்த்து வரும் டின்களும் உண்டு. ஒட்சிசன் சென்சருக்கும் கொன்வேட்டருக்கும் பாதகமில்லை, பூச்சு உள்ள த்ரொட்டில் பொடிக்கும் பாவிக்கலாம் என்று எழுதியிருந்தால் அவற்றை எடுக்கலாம், நானும் கொடுக்கிறேன்.

பிரேக் கிளீனரை இந்த வேலைக்குக் கேட்டால் நான் கொடுப்பதில்லை. அது எண்ணெயை ஒரேயடியாக உரித்தெடுக்கும், ரப்பரை உலர்த்தும். அதைவிடப் பெரிய பயம் குளோரின் வகைப் பிரேக் கிளீனர். அதன் ஆவி சூடான உலோகத்திலோ நெருப்பிலோ வெல்டிங் வெளிச்சத்திலோ பட்டால் பொஸ்ஜீன் வாயு உண்டாகலாம். முதலாம் உலகப் போரில் ஆயுதமாகப் பாவித்த அதே வாயு. என்ஜின் உறிஞ்சி எரிக்கப்போகும் இடத்தில் அதை அடிப்பானேன்?

டப்ளியூடி-40ஐப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அந்த நீல மஞ்சள் டின் இருக்கிறது. துரு விட, இறுகிய நட்டைக் கழற்ற அது நல்ல சாமான். உப்புக்காற்றுள்ள ஊரில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அது ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், அந்தப் படலத்தில் அடுத்த கிழமையே தூசி ஒட்டத் தொடங்கும். அதே நிறுவனம் த்ரொட்டில் பொடிக்கென்று வேறொரு டின்னும் விற்கிறது; அது வேறு சாமான். மண்ணெண்ணெயும் இதே கதைதான், படலம் விடும். பெற்றோலைத் துணியில் நனைத்துத் துடைப்பவர்கள் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. தின்னர் பெயின்ரையும் சீலையும் சேர்த்துத் தின்னும். டாஷ்போர்டை மினுக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே இன்டேக்குப் பக்கமே போகக்கூடாது. சிலிக்கோன் எரிந்து ஒட்சிசன் சென்சரின் மேல் படிந்தால் அந்தச் சென்சர் செத்த மாதிரித்தான்.

உள்ளே போகும் காற்றை அளக்கும் எயார் ஃப்ளோ சென்சருக்கென்று, எயார் ஃப்ளோ சென்சர் கிளீனர் என இன்னொரு டின் உண்டு. மென்மையானது, எதையும் கெடுக்காது, ஆனால் இறுகிய பிசினைக் கரைக்க அதற்கு வலுப் போதாது. அதை அதன் சென்சருக்கே வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கமாகச் செய்வதுதான் ஆபத்து: த்ரொட்டில் கிளீனரை எயார் ஃப்ளோ சென்சருக்கு அடிக்கவே கூடாது. அதற்குள் இருக்கும் கம்பியும் படலமும் அவ்வளவு நொய்மையானவை.

டின்னின் பின்பக்கம்

எங்கள் பக்கக் கடைகளுக்கு வரும் டின்களில் சிலவற்றில் எழுத்தே நமக்கு வாசிக்க முடியாத மொழியில் இருக்கும். அப்போது நான் பார்ப்பது எண்களை. ஒவ்வொரு இரசாயனத்துக்கும் உலகம் முழுதும் ஒரே பதிவு எண் உண்டு. எந்த மொழியில் அச்சடித்தாலும் எண் மாறாது. டின்னில் இல்லாவிட்டால் அந்தத் தயாரிப்பின் பாதுகாப்புத் தரவுத்தாளை இணையத்தில் தேடுங்கள். அதன் 3ஆம் பகுதியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று இருக்கும்.

75-09-2 என்று இருந்தால் அது டைகுளோரோமீதேன், மெதிலீன் குளோரைட் என்றும் சொல்வார்கள். பெயின்ரை உரிக்கும் சாமான். 127-18-4 என்றால் டெட்ராகுளோரோஎதிலீன். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் டின்னைத் திரும்ப அலுமாரியில் வையுங்கள். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனமே 2024இல் இவை பொதுமக்கள் கைக்குப் போவதைத் தடுக்க விதி கொண்டுவந்தது.

67-64-1 அசெற்றோன். இது பெரும்பாலான த்ரொட்டில் கிளீனர்களில் இருக்கும், இருந்தால் பயப்பட வேண்டாம். விரைவாகத் தீப்பிடிக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இதன் தீப்பற்று நிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 20 பாகை. நம் ஊர் வெயிலில் அது எப்போதும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். 108-88-3 தொலுயீன், 1330-20-7 சைலீன், 67-56-1 மெதனோல். இவை உள்ள டின்னையும் பாவிக்கலாம், ஆனால் வெளிக்காற்றில்தான், கையுறையோடுதான். கர்ப்பிணிகள் தொலுயீன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. 110-54-3 ஹெக்சேன் இருந்தால் நான் கராஜ்காரருக்குச் சொல்லியே கொடுப்பேன்: கலிபோர்னியாவில் 1999, 2000 காலத்தில் ஹெக்சேன் கலந்த ஸ்ப்ரேயை நாள்தோறும் பாவித்த மெக்கானிக்குகளுக்குக் கைகால் நரம்பு மரத்துப்போனது பதிவாகியிருக்கிறது. வருடத்தில் ஒரு தடவை வீட்டில் அடிப்பவருக்கும், தினமும் அடிக்கும் என் அத்தானுக்கும் ஒரே கணக்கு இல்லை. அத்தான் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார். ஆனாலும் இப்போது கையுறை போடுகிறார்.

கறுப்பெல்லாம் அழுக்கு அல்ல

சில த்ரொட்டில் பொடிகளில், தட்டு மூடும் இடத்தைச் சுற்றி உட்சுவரிலும் தட்டின் விளிம்பிலும் கம்பனியே ஒரு கரும் பூச்சுப் பூசியிருக்கும். மொலிப்டினம் டைசல்பைட் கலந்தது. தட்டுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள இடுக்கைச் சரியாக அடைக்கவும், பிசின் இலகுவில் ஒட்டாமல் இருக்கவும்தான் அது. வெளிச்சம் அடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அழுக்கு மினுமினுப்பாக, தடிப்பாக, ஒரு பக்கம் கூடியும் மறு பக்கம் குறைந்தும் இருக்கும். நகத்தால் தொட்டால் பிசுபிசுக்கும். பூச்சு மங்கலான சாம்பல் கறுப்பில், ஒரே சீரான வளையமாக இருக்கும், துடைத்தாலும் துணியில் வராது.

இதைத் தெரியாமல் கடும் கிளீனரும் ஸ்கொட்ச் பிரைட்டும் போட்டுத் தேய்த்து, அலுமினியம் வெள்ளிபோல் மின்னும்வரை விடாதவர்கள் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். பிறகு ஸ்லோ ஏறி நிற்கும், இறங்காது, ஏனென்றால் பூச்சு அடைத்துவைத்திருந்த இடுக்கால் இப்போது காற்றுப் போகிறது. கழன்ற பூச்சை ஒட்ட ஒரு டின்னும் கிடையாது. ஆகவே மின்ன வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். துணியில் கறுப்பு வருவது நின்றால் வேலை முடிந்தது. கையேட்டிலோ த்ரொட்டில் பொடியின் மேலேயே ஒட்டிய ஸ்ரிக்கரிலோ கழுவக்கூடாது என்று இருந்தால், அதை மதியுங்கள்.

டீசலும் டர்போவும் ஹைபிரிட்டும்

கிண்ணியாவிலிருந்து வரும் வான்கார நானா ஒருவர் கேடிஎச் வானுக்கு இதே டின்னைக் கேட்டார். “நானா, டீசல் என்ஜினுக்குள்ள இதை அடிக்க வேண்டாம்” என்றேன். பெற்றோல் என்ஜினில் பிளக் பொறி வந்தால்தான் தீப்பிடிக்கும். டீசலில் அழுத்தத்தின் சூடே தீ. இவ்வளவு இலகுவில் எரியும் ஆவியை ஓடும் டீசல் என்ஜின் உறிஞ்சினால், அது நேரம் தப்பிப் பற்றி உள்ளே அடிக்கலாம். கட்டுப்பாடில்லாமல் வேகம் ஏறவும் கூடும். டீசலிலும் த்ரொட்டில் பொடி மாதிரி ஒரு தட்டு இருக்கிறது என்பது உண்மை. அதைக் கழற்றி வெளியே எடுத்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் பூட்ட வேண்டும். நானா டின்னை எடுத்துக்கொண்டு நேரே கராஜுக்குப் போனார்.

டர்போ உள்ள பெற்றோல் காரில், டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயில் எதையும் அடிக்காதீர்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் பாய்ச்சும் என்ஜின்களில் வால்வின் பின்புறம் கரி ஏறும். த்ரொட்டிலில் அடித்து அதைக் கழுவிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ‘ரெடி’ லைட் எரிந்துகொண்டிருந்தால் என்ஜின் ஓடாமல் நின்றாலும் வாகனம் உயிரோடுதான் இருக்கிறது. எந்த நேரமும் தானாக ஸ்ராட் ஆகும். போனட்டைத் திறக்க முதல் பவரை ஓஃப் பண்ணுங்கள், திறப்பை வீட்டுக்குள் தூரமாக வையுங்கள்.

வேலை

காலையில் செய்யுங்கள். மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை கச்சான் எழும்பும் காலத்தில், வெயில் ஏறியபின் இன்டேக்கைத் திறந்துவைத்தால் மண்ணை உள்ளே அழைத்த மாதிரி. குழாயைக் கழற்றியதும் வாயை ஒரு சுத்தமான துணியால் மூடும் பழக்கம் எப்போதும் நல்லது. என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். போர்டிகோவுக்குள் காரை விட்டு, பக்கத்தில் குசினி ஜன்னலும் காஸ் அடுப்பும் இருந்தால் அங்கே செய்யாதீர்கள். மர நிழலில், காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்க நில்லுங்கள். கண்ணாடி போடுங்கள். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு ஆஸ்பத்திரி. மெல்லிய நைட்ரில் கையுறை அசெற்றோனில் ஊதிக் கிழியும், தாராளமாக மாற்றுங்கள்.

எயார் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் குழாயின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றினால் தட்டுத் தெரியும். எயார் ஃப்ளோ சென்சர் அந்தக் குழாயிலோ பெட்டியிலோ இருந்தால் அதை எட்டவே வையுங்கள். கேபிள் உள்ள பழைய கார் என்றால் வெளியே உள்ள நெம்பைக் கையால் திருப்பித் தட்டைத் திறக்கலாம். மின்சாரத் த்ரொட்டில் என்றால் விரலால் தள்ளாதீர்கள். உள்ளே இருப்பது பிளாஸ்ரிக் பல். போனால் முழுப் பொடியும் மாற்ற வேண்டும். திறப்பைப் போட்டு ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிச் செய்பவர்கள் உண்டு. அவர் காலை எடுத்தால் தட்டு விரலைக் கடிக்கும். என் யோசனை அது வேண்டாம். முன்பக்கத்தை மட்டும் பூட்டியபடியே துடைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கமும் மோசம் என்றால் கனெக்டரைக் கழற்றி, பெரும்பாலும் மூன்று நான்கு போல்ட்தான், பொடியைக் கையில் எடுங்கள். சிலவற்றில் கூலன்ட் குழாயும் ஓடும். அப்படி இருந்தால் கராஜில் செய்வது உத்தமம்.

ஸ்ப்ரேயைத் தட்டின் மேல் நேரே பீய்ச்சுவதுதான் எல்லோரும் செய்யும் காரியம். அதைச் செய்யாதீர்கள். நூல் கழலாத துணியில் அடித்து, அந்தத் துணியால் துடையுங்கள். கையில் எடுத்திருந்தால் மோட்டர் பக்கம் மேலே இருக்கும்படி பிடியுங்கள். அப்போது திரவம் ஷாஃப்ட் வழியாக மோட்டருக்குள் இறங்காது. விளிம்பில் இறுகியிருப்பதற்குத் துணியை ஈரமாக ஒரு நிமிடம் ஒற்றிப் பிடியுங்கள். தேன் நிறத்தில் கரைந்து வரும். மூலைக்கு ஒரு மென்மையான பழைய பற்தூரிகை. ஊறவைப்பது, கொம்பிரசர் காற்றால் ஷாஃப்ட்டில் ஊதுவது இரண்டும் கூடாது. ஓ-ரிங் தட்டையாகி இருந்தால் புதியது போடுங்கள், இல்லாவிட்டால் காற்றுக் கசிந்து பழைய பிரச்சினையே வேறு உருவில் வரும்.

என்ஜினை ஓடவிட்டு இன்டேக்குக்குள் அடிப்பதையும் காண்கிறேன். பின்னடித்துத் தீப்பிடிக்கலாம், கூடுதலாகப் போனால் எரியாத கிளீனர் கொன்வேட்டர் வரை போய் அங்கே எரியும். நிறுத்திய என்ஜினில் துணியால் துடைப்பதைவிட அதில் எந்த இலாபமும் இல்லை.

பூட்டியபின் பத்து, பதினைந்து நிமிடம் ஆவி போகவிட்டு ஸ்ராட் பண்ணுங்கள். முதலில் கொஞ்சம் தடுமாறும், சிலவேளை வெண்புகை வரும், அது போய்விடும். ஸ்லோ முன்னரைவிட ஏறி நின்றால் பதறாதீர்கள். அழுக்கு அடைத்த காலமெல்லாம் கம்பியூட்டர் தட்டைக் கொஞ்சம் கூடத் திறந்துவைக்கப் பழகியிருக்கிறது. இப்போது அழுக்கு இல்லை, பழக்கம் இருக்கிறது. சில கார்களில் பற்றரியின் நெகட்டிவ் வயரைச் சிறிது நேரம் கழற்றிவைத்தால் போதும், ஓட்ட ஓட்டச் சரியாகும். நிசான் கார்களுக்குப் பெடலைக் கணக்குப்படி மிதித்துப் பழக்கும் ஒரு முறை உண்டு, இல்லையென்றால் ஸ்கேனரில் செய்ய வேண்டும். பி0507 என்ற கோட் வந்தால் ஸ்லோ எதிர்பார்த்ததைவிட ஏறியிருக்கிறது என்று அர்த்தம், பி0506 இறங்கியிருக்கிறது என்று. நன்றாகத் துடைத்துப் பழக்கியும் இவை போகாவிட்டால், இன்னொரு டின் வாங்க வராதீர்கள். வக்யூம் குழாய் வெடிப்பு, பிளக், பிசிவி வால்வு என்று பார்க்க வேண்டியது வேறு.

துணிகளைக் குவித்துப் போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள். டின்னைக் காருக்குள் விடாதீர்கள். 50 பாகைக்கு மேல் போகக்கூடாது என்று அதிலேயே இருக்கும், உப்புவெளிக் கடற்கரையில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் மதியத்துக்கு முதலே அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். வெறும் டின்னைக் குப்பையோடு எரிக்கவே வேண்டாம், வெடிக்கும். பாதி மிச்சமிருந்தால் பக்கத்து வீட்டு ஓட்டோக்காரருக்குக் கொடுங்கள். த்ரொட்டில் கிளீனர் காபரேட்டருக்கும் போகும், அவர் கொஞ்சம் கூட நேரம் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.